சுரங்கத்தில் லீக்கி கேபிள் மாற்றம்: 1,100 மீட்டருக்கான வேலைப் பதிவு

எட்டு நிலையங்கள் உள்ள ஒரு நிலத்தடித் தடத்தில் பழைய அனலாக் விஎச்எஃப் ரேடியோவை எடுத்துவிட்டு டெட்ராவுக்கு (காவல், மீட்பு, ரயில் துறைகள் பயன்படுத்தும் டிஜிட்டல் ரேடியோ முறை) மாறும் வேலையில் ஒரு பகுதி முழுதாக முடிந்து, பழைய கேபிளின் கடைசித் துண்டும் மேலே வந்துவிட்டது. இந்தப் பதிவு அந்த ஒரு பகுதியைப் பற்றியது மட்டும். லீக்கி கேபிள் என்பது வெளிக்கடத்தியில் உள்ள துளைகள் வழியாக நீளம் முழுக்க ரேடியோ அலையைக் கசியவிட்டு, ஆன்டெனாபோல வேலை செய்யும் கேபிள். இரண்டு நிலையங்களுக்கு இடையே 1,100 மீட்டர், அப் ஒன்று, டவுன் ஒன்று என இரண்டு வட்டச் சுரங்கங்கள், 750 வோல்ட் டிசி மூன்றாம் தண்டவாளம். டெட்ராவின் அப்லிங்க் (கைரேடியோவிலிருந்து மேலே) 380–385 மெகாஹெர்ட்ஸ், டவுன்லிங்க் (மேலிருந்து கைரேடியோவுக்கு) 390–395. வேறு தடத்தில் எண்கள் மாறும். வரிசையும் சிக்கல்களும் பெரும்பாலும் இவைதான்.

இந்த வேலையை ஏன் சாதாரண கேபிள் மாற்றமாக நினைக்கக் கூடாது என்பதற்கு இரண்டு ஊர்களைச் சொன்னால் போதும். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத் தீ 1987 நவம்பர் 18 அன்று நடந்தது. 31 பேர் இறந்தார்கள். நிலத்தடியில் மீட்புப் பணியாளர்கள் ரேடியோவில் பேசிக்கொள்ள வழி வேண்டும் என்று விசாரணை அறிக்கை சொன்னது. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளின்போதும் பிரிட்டிஷ் போக்குவரத்துக் காவல்துறையைத் தவிர மற்ற அவசரச் சேவைகளின் ரேடியோ சுரங்கத்துக்குள் வேலை செய்யவில்லை என்பதை லண்டன் அசெம்பிளி 2006-இல் பதிவு செய்தது. வாஷிங்டனில் 2015 ஜனவரி 12 அன்று லான்ஃபான்ட் பிளாசா மெட்ரோ நிலையம் அருகே சுரங்கத்தில் புகை சூழ்ந்து ஒரு பயணி இறந்தார். அங்கேயும் தீயணைப்பு வீரர்களின் ரேடியோ கீழே சரியாக எடுபடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் குரல் கீழே கேட்பது ஒரு பாதிதான். கீழே இருப்பவரின் குரல் மேலே வந்து சேர வேண்டும். வேலை முழுக்க இதை மனதில் வைத்தே முடிவெடுத்தோம். கேபிளும் பெட்டியும் அதற்குப் பின்னால்தான்.

பழைய கேபிளில் யார் யார் தொங்குகிறார்கள்

எதையும் கழற்றும் முன் பழைய கேபிளின் தலைமுனையில் ஒரு டைரக்‌ஷனல் கப்ளரை (ஓடும் சிக்னலில் சிறு பங்கை மட்டும் பிரித்துத் தருவது) செருகி, ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்தெந்த அலைவரிசையில் சிக்னல் இருக்கிறது என்று காட்டும் கருவி) ஒரு முழு நாள் ஓட விட வேண்டும். வரைபடத்தில் ரயில் ரேடியோ மட்டும்தான் இருக்கும். உண்மையில் ஆண்டுகள் போகப் போக வேறு பலரும் அதில் ஏறியிருப்பார்கள். இங்கே அகப்பட்டவை: நிலைய ஊழியர்களின் கைரேடியோ அலைவரிசை, பம்ப் அறையிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை வரும் டெலிமெட்ரித் துடிப்பு, யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு பேஜிங் கேரியர் (பேஜர்களுக்கான சிக்னல்). பம்ப் அறை முக்கியம். சுரங்கத்தின் தாழ்வான இடத்தில் நீர் ஏறினால் எச்சரிக்கை அந்த வழியாகத்தான் மேலே போகிறது. ரயில் ரேடியோ மாறிவிட்டது என்று பழைய கேபிளை வெட்டியிருந்தால் நீர் எச்சரிக்கையும் சேர்ந்து செத்திருக்கும். அதை ஃபைபருக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த படி.

பழைய லைன் ஆம்ப்ளிஃபயர்களுக்கு மின்சாரம் கேபிளின் உள்கடத்தி வழியாகவே போகும். அதனால் சும்மா கிடக்கும் கேபிள் என்று நினைத்து ரம்பம் வைக்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் உள்கடத்திக்கும் உறைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, செத்திருக்கிறது என்று டேக் கட்டிய பிறகே தொட வேண்டும்.

தாளில் ஒரு கணக்கு, எட்டு ரிமோட் சேர்ந்ததும் வேறு கணக்கு

அமைப்பு எளிது. தலைமையகத்தில் டெட்ரா பேஸ் ஸ்டேஷன், அதோடு ரேடியோ சிக்னலை ஒளியாக மாற்றி அனுப்பும் ஃபைபர் மாஸ்டர் யூனிட். நிலையத்துக்கு ஒரு ஆப்டிகல் ரிமோட் (ஒளியை மறுபடி ரேடியோ சிக்னலாக்கிக் கேபிளுக்குத் தரும் பெட்டி). ஒவ்வொரு ரிமோட்டும் நான்கு வழி ஸ்பிளிட்டர் மூலம் இருபக்கச் சுரங்கங்களின் நான்கு கேபிள்களுக்கு ஊட்டுகிறது. கேபிள் 1¼ அங்குல லீக்கி. இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்கு 2 டெசிபல் இழப்பு என்றும், 2 மீட்டர் தூரத்தில் 95 சதவீத இடங்களுக்கான கப்ளிங் இழப்பு (கேபிளுக்கும் ரேடியோவுக்கும் நடுவே போகும் இழப்பு) 75 டெசிபல் என்றும் எடுத்துக்கொண்டோம். தரவுத்தாளில் 50 சதவீதம், 95 சதவீதம் என இரண்டு எண்கள் இருக்கும். ஐஇசி 61196-4 என்ற சர்வதேசத் தர முறைப்படி அளந்தவை. 50 சதவீத எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் பாதி இடத்தில் பேச்சு வராத வடிவமைப்பு கிடைக்கும். அழகாக இருக்கிறது என்று அந்த எண்ணை எடுக்காதீர்கள்.

இடுப்பில் 1 வாட் கைரேடியோ மாட்டியவர் ரயில் பெட்டிக்குள், சுரங்கத்தின் நட்டநடுவில், அதாவது ரிமோட்டிலிருந்து 550 மீட்டரில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிபிஎம்மில் (1 வாட்டை டெசிபல் அளவில் சொல்வது; 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட்) தொடங்கி, உடம்புக்கு 10, பெட்டிச் சுவருக்கு 15, கப்ளிங்குக்கு 75, 2 மீட்டருக்குப் பதில் 4 மீட்டர் தூரம் என்பதால் 3, கேபிள் நீளத்துக்கு 11, ஸ்பிளிட்டருக்கும் ஜம்பருக்கும் (குட்டை இணைப்புக் கேபிள்) 8 கழித்தால் ரிமோட்டில் −92 டிபிஎம். டெட்ரா பேஸுக்குத் தேவை −106. கையில் 14 டெசிபல் மிச்சம், இதுதான் மார்ஜின். டவுன்லிங்கில் ரிமோட் ஒரு கேரியருக்கு (ஒரு அலைவரிசைக்கு) 33 டிபிஎம் கொடுத்தால் அதே இடத்தில் கைரேடியோவுக்கு −89 கிடைக்கும். அதன் தேவை −103. அங்கேயும் 14. தாளில் இரண்டு திசையும் சமம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

டவுன்லிங்கில் எட்டு ரிமோட் இருந்தாலும் ஒருவர் காதில் விழுவது பக்கத்து ரிமோட்தான். அப்லிங்கில் அப்படி இல்லை. எட்டு ரிமோட்டும், யாரும் பேசாதபோதும், தங்கள் சொந்த இரைச்சலை மாஸ்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் −130. 5 டெசிபல் நாய்ஸ் ஃபிகரோடு (கருவி தானே சேர்க்கும் இரைச்சல்) −125. ஒவ்வொரு ரிமோட்டின் இரைச்சலும் பேஸின் சொந்த இரைச்சலுக்குச் சமமாக வந்து சேரும்படி கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வைத்தால் மொத்தம் 1 + 8 = 9 பங்கு, அதாவது 9.5 டெசிபல் ஏற்றம். 14 டெசிபல் மார்ஜின் 4.5 ஆகிறது. டெப்போவில் பேஸின் நேரடி ஆன்டெனாவில் இருப்பவருக்கும் அதே அடி: அவருடைய எல்லை 9.5 டெசிபல் சுருங்கிவிடும், சுரங்கத்தில் அவர் கால் வைக்காமலேயே.

கெய்னைக் குறைத்தால் சரியாகும் என்று முதலில் 10 டெசிபல் குறைத்துப் பார்த்தோம். டெப்போ சரியானது, ஏற்றம் 2.6 டெசிபலுக்கு இறங்கியது. ஆனால் குறைவது இரைச்சல் மட்டும் இல்லை, குரலும்தான். சுரங்கத்தின் நடுவில் மார்ஜின் 1.4 டெசிபலுக்கு வந்துவிட்டது. கெய்ன் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒருவருக்கு நஷ்டம். தீர்வு குமிழில் இல்லை. எட்டு ரிமோட்டையும் ஒரே செக்டரில் (பேஸின் ஒரே ரிசீவரில்) கட்டியதுதான் கோளாறு. நான்கு நான்காக இரண்டு செக்டராகப் பிரித்து, கெய்னை 5 டெசிபல் மட்டும் குறைத்தபோது பேஸில் ஏற்றம் 3.5, சுரங்க நடுவில் மார்ஜின் 5.5. மிச்சம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இதில் உடம்பு, பெட்டிச் சுவர், 95 சதவீதக் கப்ளிங் மூன்றும் ஏற்கெனவே கழிந்துவிட்டன. கூடுதல் கேரியர் கருவிக்கான செலவைப் பார்த்து இந்தப் பிரிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் பிரிப்பது என்றால் ஃபைபர் பேட்ச் முதல் நெய்பர் பட்டியல் (ரேடியோ அடுத்துத் தாவக்கூடிய செக்டர்களின் பட்டியல்) வரை எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டும்.

செக்டர் எல்லையை நிலையத்துக்குள் வையுங்கள், சுரங்கத்துக்குள் வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் நொடிக்கு 22 மீட்டர் போகும். செல் மாற (ஒரு செக்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவ) ஐந்து நொடி பிடித்தால் 110 மீட்டருக்கு இரண்டு சிக்னலும் நன்றாக இருந்தாக வேண்டும். நிலையத்தில் ரயில் நிற்கிறது. மாறுவதற்கு நேரம் இருக்கிறது.

துளை, கிளாம்ப், தூரம்

இரவு பிளாக்கில் (ரயில் ஓடாமல் தடம் வேலைக்குக் கிடைக்கும் நேரம்) காகிதத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கடைசி ரயில் போய், மின்சாரம் நிறுத்தி, மூன்றாம் தண்டவாளம் செத்துவிட்டதைச் சோதித்து, இருபுறமும் எர்த்திங் மாட்டி, அனுமதிச் சீட்டு கைக்கு வந்து, உள்ளே நடந்து சேர வேண்டும். திரும்பும்போது கருவிகளை எண்ணி எடுக்கவும் நேரம் வேண்டும். வேலைக்கென்று இரண்டு மணி நேரம் மிஞ்சினால் நல்ல இரவு. அதனால் கேபிளின் விலையைவிட அதைக் கட்டும் இரவுகளின் கூலிதான் பில்லில் பெரிய தொகை. இரவை மிச்சப்படுத்தும் எதற்கும் தாராளமாகச் செலவு செய்யலாம்: இரண்டாவது டிரில், உபரி பேட்டரி, மேலேயே கோத்துக் கொண்டுவந்த கிளாம்ப் எல்லாமே லாபம்.

இரண்டு சுரங்கத்துக்கும் சேர்த்து 2,200 மீட்டர், மீட்டருக்கு ஒரு கிளாம்ப். அதில் பத்துக்கு ஒன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆக 1,980 பிளாஸ்டிக், 220 ஸ்டீல். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கினோம். தீயில் பிளாஸ்டிக் உருகினாலும் கேபிள் தண்டவாளத்தில் தொங்கி, ஓடி வெளியேறுபவர்களின் காலைத் தடுக்காமல் இருக்கத்தான் அந்த ஸ்டீல். துளை 8 மில்லிமீட்டர், ஆங்கர் எம்8, 316 தர ஸ்டீல். கான்கிரீட் செக்மெண்டின் விளிம்பிலும் ரப்பர் கேஸ்கட் ஓடும் மூட்டுக்கு அருகிலும் துளை கூடாது. டிரில்லில் ஆழ நிறுத்தி பூட்டியே இருக்க வேண்டும். தூசி உறிஞ்சி இல்லாமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது; சிலிகாத் தூசி சுரங்கத்தில் எங்கேயும் போகாது, நுரையீரலுக்குத்தான் போகும். இரண்டு டிரில், நான்கு பேர் என்றால் இரவுக்கு 150 துளை என்று திட்டமிடலாம்.

கேபிளின் உயரம் ரயில் ஜன்னலின் உயரம். பழைய கேபிள் கூரையோரம் ஓடியது. அங்கிருந்து பெட்டிக்குள் சிக்னல் புக வழியில்லை. சுவரிலிருந்து 80 மில்லிமீட்டர் தள்ளியும், பழைய கேபிளிலிருந்தும் இரும்புக் கேபிள் தட்டிலிருந்தும் 300 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் வைத்தோம். ரயிலின் அசைவு எல்லைக்கான டெம்பிளேட்டைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய் ஒவ்வொரு கிளாம்பையும் சரிபார்த்தாக வேண்டும்; வளைவில் ஒவ்வொரு பெட்டியின் நடுப்பகுதியும் உள்ளே சாயும், முனைகள் வெளியே வரும். உறையில் நீளவாக்கில் ஒரு மேட்டுக்கோடு ஓடும். துளை வரிசை அதே பக்கமா எதிர்ப்பக்கமா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தரவுத்தாளைப் பார்த்து, துளைகள் சுரங்கத்தைப் பார்க்கும்படி முதல் கிளாம்பிலேயே சாக்பீஸால் குறித்துவிட வேண்டும்.

இனி கிளாம்ப் தூரம். சரியாக மீட்டருக்கு ஒன்று என்று லேசர் வைத்துக் குறிப்பது பார்க்க நேர்த்தியாக இருக்கும். ரேடியோவுக்கு அதுதான் கெடுதல். ஒவ்வொரு கிளாம்பும் கேபிளில் மிகச் சிறிய பிரதிபலிப்பைத் தரும். சமதூரத்தில் இருந்தால் சில அலைவரிசையில் அவையெல்லாம் ஒரே கட்டத்தில் கூடிக்கொள்ளும். கேபிளுக்குள் அலையின் வேகம் ஒளியின் 0.88 மடங்கு என்றால், 1 மீட்டர் இடைவெளிக்கு அந்த அலைவரிசை 132 மெகாஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். மூன்றாவது மடங்கு 396, டவுன்லிங்க் பட்டையின் விளிம்பில். பத்து மீட்டருக்கு ஒன்றாக வரும் ஸ்டீல் கிளாம்புகள் இன்னும் மோசம்: 13.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முள். அதில் ஒன்று 382.5-ஐ ஒட்டி, நேராக அப்லிங்க் நடுவில். முதல் 550 மீட்டரை ஸ்வீப் செய்தபோது (அலைவரிசையை மாற்றிக்கொண்டே கேபிளிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பது) 382.5-இல் ரிட்டர்ன் லாஸ் (எண் பெரிதாக இருந்தால் திரும்புவது குறைவு, அதுதான் நல்லது) ஒல்லியாகச் சரிந்து நின்றது. அக்கம்பக்கம் எல்லாம் நன்றாக இருந்தது. ஸ்டீல் கிளாம்புகளைப் பக்கத்துத் துளைக்கு இடம் மாற்றி, 8 மீட்டர், 11 மீட்டர், 9 மீட்டர் எனக் கலைத்ததும் முள் கரைந்தது. அடுத்த பகுதியிலிருந்து பிளாஸ்டிக்கையும் 0.9 முதல் 1.1 மீட்டர் வரை கலைத்தே குறித்தோம். கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே காரணம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திருத்தச் சொல்வார்.

டிரம், இழுப்பு, கனெக்டர்

கேபிளை 570 மீட்டர் டிரம்மாக வெட்டி அனுப்பச் சொல்லி ஆர்டர் செய்தோம்: பாதிச் சுரங்கம் 550, முனைகளுக்கு 20. மீட்டருக்கு ஒரு கிலோ அளவில் எடை. டிரம்மோடு சேர்த்தால் 600 கிலோவுக்கு மேல். டிரம்மை நிறுத்தி வைத்து கேபிளைத் தரையில் இழுக்கவே கூடாது. ஜல்லியும் தண்டவாளக் கிளிப்பும் உறையைக் கிழித்துவிடும். கிழிசல் அன்று தெரியாது, மழைக்காலத்தில் ஈரம் புகுந்த பிறகு தெரியும். டிரம்மை ரயில் டிராலியில் ஜாக்கி மேல் ஏற்றி, டிராலி நடை வேகத்தில் நகர, கேபிள் தானாக அவிழ்ந்து சுவரோரம் படிய வேண்டும். டிரம்முக்கு ஒரு பிரேக் பட்டை கட்டாயம். இல்லையென்றால் டிராலி நின்றதும் டிரம் சுழன்று கேபிள் மடிந்துவிடும். மடிந்த இடத்தை நிமிர்த்தினாலும் வெளிக்கடத்தியில் சுருக்கம் நிற்கும். 500 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் எங்கும் வளைக்கவில்லை.

உறை ஹாலோஜன் இல்லாத, புகை குறைந்த வகையாக இருக்க வேண்டும். ஐஇசி 60332-3 தீப்பரவல், 61034 புகை, 60754 அமில வாயு ஆகிய மூன்று சான்றிதழும் டிரம் எண்ணோடு சேர்த்துக் கையில் இருக்க வேண்டும். பழைய பிவிசி கேபிளை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கனெக்டர் 7-16 டின். இந்த வேலையில் கோளாறுகளின் தாய்வீடு கனெக்டர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நுண்பல் ரம்பத்தால் வெட்டும்போது கேபிள் முனை தரையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் செம்புத்தூள் உள்ளே விழாது. வெட்டு, நெளிவின் பள்ளத்தில் விழ வேண்டும். ஃபோமின் முகத்தைச் சுத்தமான பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் ரிட்டர்ன் லாஸ் 14 டெசிபலைத் தாண்டவே இல்லை. தூரம் காட்டும் முறையில் பிரதிபலிப்பு சரியாகக் கனெக்டரின் மேல் நின்றது. பிரித்தால், வெள்ளை ஃபோமின் மேல் முடியளவு மெலிந்த செம்புச் சீவல் ஒன்று, 2 மில்லிமீட்டர் நீளம், உள்கடத்தியின் அடியிலிருந்து வெளிக்கடத்தியை நோக்கிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் ஷார்ட். துடைத்து, ஓ-ரிங்கை மாற்றி, திரும்பக் கட்டியதும் 24 டெசிபல்.

முறுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 32 மில்லிமீட்டர் டார்க் ஸ்பேனர். உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடல் சேர்ந்து திரும்பினால் நடு ஊசி உரசிச் சீவலை உண்டாக்கும். அது பிற்பாடு இன்டர்மாடுலேஷனாக (சிக்னல்கள் கலந்து பிறக்கும் போலிச் சிக்னல்) வரும். மேலே இரண்டு சுற்று சுயஒட்டு ரப்பர் நாடா, அதன் மேல் வினைல் நாடா, கடைசிச் சுற்று கீழிருந்து மேலாக.

நடுவில் இரண்டு பாதியையும் இணைத்தோம், டிசி தடுப்பான் வழியாக. அது உள்கடத்தி, வெளிக்கடத்தி இரண்டையும் பிரிக்கும் வகையாக இருக்க வேண்டும். காரணம்: இரண்டு நிலையங்களின் எர்த் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ரயில் முடுக்கும்போது திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு, கிடைத்த செம்பிலெல்லாம் பாயும். கேபிளின் வெளிக்கடத்தி இரு முனையிலும் எர்த் ஆகியிருந்தால் அது ரயிலின் திரும்புபாதையாகிவிடும். கனெக்டர் சூடாகும், அரிக்கும். ஒவ்வொரு பாதியும் தன் நிலையப் பக்கம் மட்டும் எர்த்.

இரு முனையிலிருந்தும் ஊட்டி நடுவில் இணைப்பதற்குக் காரணம் தீ. ஒரு நிலையத்தை ஒட்டி கேபிள் எரிந்து அறுந்தால், மறுமுனை ரிமோட் 1,100 மீட்டர் முழுவதையும் தாங்க வேண்டும். கடைக்கோடியில் கூடுதலாக 11 டெசிபல் இழப்பு. அங்கே மூடிய பெட்டிக்குள் இருப்பவரின் கைரேடியோ எட்டாது. ஆனால் தண்டவாளத்தில் நடக்கும் தீயணைப்பு வீரருக்குப் பெட்டிச் சுவரின் 15 டெசிபல் இல்லை, 9.5 டெசிபல் மார்ஜினோடு பேசலாம். அந்த நேரத்தில் பேச வேண்டியவர் அவர்தான். எதிர்முனையின் டவுன்லிங்க் கேபிள் வழியாக இங்கே வந்து சேரும் என்பதால், ரிமோட்டின் டவுன்லிங்க் பாதையில் ஐசோலேட்டர் (சிக்னலை ஒரே திசையில் விடும் கருவி) வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

ரிமோட் பெட்டியும் ஃபைபர் வளையமும்

மின்விசிறி இல்லாத, ஐபி65 (தூசி புகாத, நீர்ப்பீச்சு தாங்கும்) பெட்டி. சுரங்கத் தூசியில் பெரும் பங்கு பிரேக்கிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் வரும் இரும்புப் பொடி; அது மின்சாரம் கடத்தும். விசிறி அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ரயிலும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருவதால் பெட்டிக் கதவு நாள் முழுக்க அடித்துக்கொள்ளும். ஒற்றைப் பூட்டு தளர்ந்துவிடும். மேலும் கீழுமாக இரண்டு பூட்டு.

பேட்டரிக் கணக்கு: 250 வாட், 4 மணி நேரம், 48 வோல்ட் என்றால் 21 ஆம்பியர்-மணி. பேட்டரி வயதாவதற்கு 0.8, முழுதாக வடிக்கக் கூடாது என்பதற்கு 0.8. ஆக 33; கடையில் கிடைப்பது 40. பழைய அறையில் ஆண்டுக்கணக்கில் வீங்கிக் கிடந்த பேட்டரிகளைப் பார்த்தவர்கள் இந்த இரண்டு 0.8-ஐயும் விட மாட்டார்கள்.

ஃபைபர் அப் சுரங்கத்தில் போய் டவுன் சுரங்கத்தில் திரும்பும் வளையம், மொத்தம் 16 கிலோமீட்டர். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாகப் போகும், நல்லதுதான். ஆனால் ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி தாமதம். சாதாரண நாளில் இந்த இரண்டு நிலையங்களின் ஃபைபர் தூரம் 0.6, 1.8 கிலோமீட்டர், வித்தியாசம் 6 மைக்ரோநொடி, தொந்தரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஃபைபர் அறுந்தால் ஒன்று 0.6-லேயே இருக்க, மற்றது சுற்றிக்கொண்டு 14.2 கிலோமீட்டர் வரும். வித்தியாசம் 68 மைக்ரோநொடி. டெட்ராவின் ஒரு சிம்பலே (ஒரு முறை அனுப்பும் தகவல் துண்டு) 55.6 மைக்ரோநொடிதான். சுரங்க நடுவில் இரண்டு ரிமோட்டின் சிக்னலும் சம பலத்தில் மோதும் இடத்தில், அனலைசர் பலமான சிக்னலைக் காட்டும், பேச்சு மட்டும் வராது. வளையம் எந்த நிலைக்கு மாறினாலும் தாமதத்தைச் சமன் செய்யும் அட்டவணையை மாஸ்டரில் ஏற்றி, ஃபைபரை நிஜமாகவே கழற்றிச் சோதித்தால்தான் இது பிடிபடும். வளையம் பச்சையாக இருக்கும்போது செய்யும் சோதனையில் தெரியவே தெரியாது.

சோதனை

ஸ்வீப்பில் ஒரு பொறி இருக்கிறது. 1,100 மீட்டர் கேபிளில் ஒருவழி இழப்பு 22 டெசிபல், போய்வர 44. மறுமுனை முற்றாக அறுந்து திறந்து கிடந்தாலும் இந்த முனையில் ரிட்டர்ன் லாஸ் 44 டெசிபல் என்று அருமையாகக் காட்டும். அதனால் இணைக்கும் முன் ஒவ்வொரு டிரம்மையும் தனியாக, இரு முனையிலிருந்தும் ஸ்வீப் செய்ய வேண்டும். இணைத்த பிறகு ஒரு முனையில் சிக்னல் கொடுத்து மறுமுனையில் பவர் மீட்டரில் இழப்பை அளக்க வேண்டும். 22-உம் இணைப்புகளுக்கு ஒன்றோ இரண்டோ. அதைத் தாண்டினால் எங்கோ ஒரு கனெக்டர்.

நடந்து அளக்கும்போது பெரும்பாலானோர் கையில் எடுத்துப் போவது டவுன்லிங்க் ரிசீவர். வரைபடம் முழுக்கப் பச்சையாக வரும். மேலே சொன்ன இரைச்சல் கணக்கில் ஒரு வரிகூட அதில் தெரியாது. அப்லிங்கை அளக்க, 1 வாட் கைரேடியோவை இடுப்பில் மாட்டி அழைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பேஸ் பக்கம் சிக்னல் பலமும் பிழை விகிதமும் பதிவாக வேண்டும். எட்டு ரிமோட்டும் உயிரோடு இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். அன்றைக்கு முடித்த இரண்டை மட்டும் எரியவிட்டு அளந்தால், தடம் முழுதும் எழுந்த பிறகு கிடைக்காத ஒரு மார்ஜினைப் பதிவு செய்தவர்களாவோம்.

அடுத்தது காலிச் சுரங்கத்தில் அளந்ததை நம்பாதது. ஒரு ரயிலைச் சுரங்க நடுவில் நிறுத்தி, கேபிள் ஒரு சுவரில், ஆள் எதிர்ச்சுவரின் வெளியேறும் நடைபாதையில், நடுவே ரயில் என்று சோதிக்க வேண்டும். பயணிகளை இறக்கும்போது ஊழியர் நிற்கும் இடம் அதுதான். ரயில் முழு உடலும் மறைப்பதால் அங்கே சிக்னல் விழுவது இயல்பு. பெட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் மட்டும் எடுபட்டு, பெட்டியின் நடுவில் விட்டுப் போகிறது என்றால் கேபிளின் உயரத்தையும் பக்கத்தையும் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். கெய்ன் ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது. இங்கே ஜன்னல் உயரம் கைகொடுத்தது: இரண்டு பக்க ஜன்னல்களையும் ஊடுருவி அந்தப் பக்கம் பேச்சு கிடைத்தது, தரை மட்டத்தில் குனிந்தவருக்கு மட்டும் விட்டுவிட்டு வந்தது. அதைக் குறைபாடாகவே அறிக்கையில் எழுதிக் கொடுத்தோம்.

சுரங்க வாயில் உள்ள தடங்களில் இன்னொரு தலைவலி: வெளியே திறந்தவெளி செல், உள்ளே கேபிள் செல். ரயில் வாயிலைத் தாண்டிய சில மீட்டரில் வெளிச் சிக்னல் செத்துவிடும். கேபிளையே வெளியே 100 மீட்டருக்கு மேல் நீட்டினால் ரயில் நுழையும் முன்பே மாறிக்கொள்ளும்.

மாற்றும் நாளும் அதற்குப் பிறகும்

புதியது தனியாக ஓடி நிரூபிக்கும்வரை பழையதை அணைக்கவில்லை. ஓட்டுநர் அறையில் இரண்டு ரேடியோவும் சில வாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடம் போதவில்லை என்று எதிர்ப்பு வரும், விட்டுக்கொடுக்கக் கூடாது. குழு அழைப்பு, தனி அழைப்பு, அவசரப் பொத்தான் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு ஓட்டுநரும் அழுத்திப் பார்த்த பிறகுதான் பழைய ஆம்ப்ளிஃபயர்களின் ஃபியூஸை எடுத்தோம். ஃபியூஸ் எடுத்த பிறகும் கேபிள் சுவரிலேயே சில வாரங்கள் இருந்தது.

அடுத்த பகுதிக்கு மாற்றிக்கொண்டவை: ஸ்பிளிட்டர் பக்க ஜம்பர்கள் 4.3-10 கனெக்டரில், 5 நியூட்டன் மீட்டர் போதும், குறுகிய பெட்டிக்குள் பெரிய ஸ்பேனர் சுழற்ற வேண்டாம். கேபிள் முனைகளில் ஒன்றுக்காவது தொழிற்சாலையிலேயே கனெக்டர் கட்டி வாங்குவது. கிளாம்ப் தூரத்தைக் கலைத்த அட்டவணையை வரைபடத்திலேயே அச்சிடுவது. எட்டு ரிமோட்டின் இரைச்சலையும் ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே கணக்கில் சேர்ப்பது. ஒவ்வொரு டிரம்மின் ஸ்வீப் கோப்பையும் டிரம் எண், கருவி எண், அன்றைய வெப்பநிலை ஆகியவற்றோடு சேமித்து, பெட்டிக் கதவின் உட்புறம் கோப்பின் பெயரை ஒட்டிவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை அதே முனையில் அதே அமைப்பில் ஸ்வீப் எடுத்து, பழைய கோட்டின் மேல் புதிய கோட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். கனெக்டரில் ஈரம் இறங்கத் தொடங்கியிருந்தால் பேச்சு கெடுவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.